நரிக்கும் முயலுக்கும் ஒரே துப்பாக்கி போதுமா?

கேள்வி: எங்கள் பண்ணையில் செம்மறி ஆடுகளும் கொஞ்சம் கோழிகளும் இரண்டு வயதுப் பழக்கன்றுகளும் இருக்கின்றன. கன்றுகளின் பட்டையை முயல் சுற்றிக் கடித்துவிடுகிறது. போன ஈற்றில் நான்கு குட்டிகளை நரி கொண்டுபோய்விட்டது. துப்பாக்கி உரிமம் கைக்கு வந்துவிட்டது, ஆனால் பணம் அதிகம் இல்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ரைபிள் வாங்க நினைக்கிறேன். எந்தக் காலிபர் (குழல் துளையின் அளவு) செலவு குறைவு? பக்கத்துப் பண்ணைக்காரர் .22 போதும் என்கிறார்.

பதில்: அவர் சொன்னது பாதி சரி. முயலுக்கு .22 போதும், நரிக்குப் போதாது. நீங்கள் சொல்வது செந்நரி என்று எடுத்துக்கொள்கிறேன். முயல் ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். செந்நரி ஐந்து முதல் எட்டு கிலோ வரை போகும், எலும்பும் உறுதி, உயிர்ப்பிடிப்பும் அதிகம். ஒன்றுக்கு அளவானது மற்றதற்கு அளவாக இருக்காது.

உரிமம் இருந்தாலும் அதில் எந்தக் காலிபர், எந்த விலங்கு, எந்த நிலம் என்று எழுதியிருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். பல நாடுகளில் இந்த மூன்றுக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். நரியும் முயலும் சட்டப் பாதுகாப்பில் இருக்கும் இந்தியா போன்ற நாடுகளில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே வேலியும் பட்டியும்தான் வழி.

முதலில் முயலைப் பார்ப்போம். .22 எல்.ஆர். (லாங் ரைபிள்) என்பது 1887 முதல் புழக்கத்தில் இருக்கும் தோட்டா, வெறுமனே .22 என்றால் இதுதான். 40 கிரெய்ன் (ஏறக்குறைய 2.6 கிராம்) குண்டு, விநாடிக்கு 320 மீட்டரை ஒட்டிய வேகம். ஒலியின் வேகத்துக்குக் கீழே போகும் சப்சோனிக் தோட்டா, முனையில் குழி உள்ளது, கிடைத்தால் அதையே எடுங்கள். சத்தம் குறைவாக இருப்பதால் ஒரு முயல் விழுந்தாலும் மற்றவை சில நேரம் மேய்ந்துகொண்டே இருக்கும். தோட்டா விலையில் இதை வெல்ல வேறொன்று கிடையாது. ஆனால் 50 மீட்டரில் குறி சரியாகப் படும்படி தொலைநோக்கியைச் சரிசெய்து வைத்தால் 100 மீட்டரில் குண்டு 15 சென்டிமீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடும். முயலின் தலையே ஐந்து சென்டிமீட்டர்தான். அதனால் 60, 70 மீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதே தோட்டாவால் நரியைக் கொன்றவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. கிட்டத்தில், தலையில், சரியாகப் பட்டால் விழும். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பண்ணையில் 80 மீட்டரில் நின்ற நரியை .22-ஆல் சுட்டார்கள். அடி பட்ட சத்தம் தெளிவாகக் கேட்டது. நரி ஒரு சுற்று சுற்றிவிட்டு ஓடிவிட்டது. மூன்றாம் நாள் வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் கிடைத்தது, உயிரோடு. குண்டு முன்னங்காலுக்குப் பின்னால் புகுந்து நுரையீரலைத் தொடாமல் வயிற்றில் நின்றிருந்தது. அன்றிலிருந்து, நரிக்கு .22 எல்.ஆர். போதுமா என்று யார் கேட்டாலும் போதாது என்றுதான் சொல்லிவருகிறேன். நம் குட்டியைத் தின்ற விலங்காக இருந்தாலும் அதை மூன்று நாள் துடிக்கவிட நமக்கு உரிமை இல்லை.

இடைநிலையில் இரண்டு தோட்டாக்கள் உண்டு. 2002-இல் வந்த .17 எச்.எம்.ஆர்., 17 கிரெய்ன் மட்டுமே எடையுள்ள குண்டை விநாடிக்கு 770 மீட்டருக்கு மேல் விரட்டுகிறது. கோடு போட்டதுபோலப் போகும். முயலை 120, 130 மீட்டரில்கூட நம்பி எடுக்கலாம். குறை காற்றுதான். பக்கவாட்டில் நல்ல காற்று அடித்தால் 150 மீட்டரில் ஒரு சாண் தள்ளிப் போய்விடும். நரிக்கு இந்தச் சின்னக் குண்டு தோலுக்கு அடியிலேயே சிதறிவிடும் ஆபத்து இருக்கிறது. 1959-இல் வந்த .22 மேக்னம் அவ்வளவு நேராகப் போகாது. ஆனால் 40 கிரெய்ன் குண்டு என்பதால் உள்ளே இறங்கும். 80, 90 மீட்டருக்குள், நரி அசையாமல் நின்றால், இதைக் கொண்டு மனச்சாட்சியோடு சுடலாம். ஆயுள் முழுக்க ஒரே துப்பாக்கிதான், நிலமும் சின்னது, கோழிக்கூண்டுக்கும் பட்டிக்கும் நடுவில்தான் நரி வருகிறது என்பவருக்கு நான் சொல்லும் சமரசம் .22 மேக்னம்தான்.

நரிக்கென்றே பார்த்தால் சென்டர்ஃபயர் வகைக்கு, அதாவது அடிப்பாகத்தின் நடுவில் தட்டினால் வெடிக்கும் வலுவான தோட்டாவுக்குப் போக வேண்டும். .22 ஹார்னெட் மென்மையானது, சத்தம் கொஞ்சம் குறைவு, 140, 150 மீட்டர் வரை நரிக்குப் போதும். ஆனால் தோட்டா எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை சற்று அதிகம். .222 ரெமிங்டன் அருமையான, துல்லியமான தோட்டா. பழைய துப்பாக்கி நல்ல நிலையில் அகப்பட்டால் தயங்க வேண்டாம். இருந்தாலும் செலவு என்று கேட்டீர்களே, அதற்கு விடை .223 ரெமிங்டன். இராணுவங்கள் பயன்படுத்தும் 5.56 தோட்டாவின் உடன்பிறப்பு இது. அதனால் உலகம் முழுக்க ஏராளமாகத் தயாராகிறது, விலையும் அடங்கியிருக்கிறது. 55 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 980 மீட்டரை ஒட்டிப் போகும். 100 மீட்டருக்குச் சரிசெய்தால் 200 மீட்டரில் இறக்கம் உள்ளங்கை அகலம்தான். நரியின் நெஞ்சுப் பகுதியும் ஏறக்குறைய அதே அளவு என்பதால் பெரிய கணக்கு எதுவும் போட வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: குழலில் .223 என்று மட்டும் பொறித்திருந்தால் அதில் 5.56 தோட்டாவைப் போடாதீர்கள். உருவம் ஒன்றுபோல இருக்கும், அழுத்தம் வேறு. அப்புறம், முழு உலோக உறை போட்ட குண்டும் வேண்டாம். அது ஊசி குத்தினதுபோல நரியைத் துளைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடும். உள்ளே விரியும் மென்முனைக் குண்டுதான் வேண்டும். .22-250, .243 இரண்டும் நரிக்குத் தேவைக்கு மேல். வெடிமருந்தும் அதிகம், அதிர்வும் அதிகம். உங்களுக்கு வேண்டாம்.

அப்படியானால் .223 ஒன்றையே வாங்கி முயலையும் அதிலேயே சுட்டால் என்ன? சுடலாம். ஆனால் ஒரு தோட்டாவின் விலை .22 எல்.ஆர். போலப் பல மடங்கு. ஒரு வெடிச் சத்தத்தில் மொத்த முயலும் வளைக்குள் போய்விடும், அன்றைய வேலை முடிந்தது. முயல் ஒரு மாதத்தில் ஈனுகிற பிராணி, ஆண்டுக்குப் பல ஈற்று. வாரத்துக்கு ஒன்றிரண்டைச் சுடுவதால் எண்ணிக்கை குறையாது. சும்மா பத்து, பதினைந்து தோட்டா செலவழிக்க மனம் வருகிற துப்பாக்கியாக இருக்க வேண்டும்.

அதனால் என் யோசனை, ஒரு புதுத் துப்பாக்கிக்கு வைத்திருக்கும் பணத்தில் பழையது இரண்டு பாருங்கள். போல்ட் ஆக்ஷன் (ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) .22 எல்.ஆர். ஒன்றை இப்போதே வாங்கிவிடுங்கள். கன்றுக்கு ஆபத்து தினமும் இருக்கிறது. அடுத்த ஈற்றுக்கு முன்னால் .223 ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். நல்ல போல்ட் ஆக்ஷன் துப்பாக்கிக்கு வயதாவது மெதுவாகத்தான். வாங்கும்போது போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். வரிப்பள்ளங்கள் கூர்மையாகத் தெரிய வேண்டும், துருப் புள்ளி இருக்கக் கூடாது. குழலின் வாய் விளிம்பை விரல் நகத்தால் தடவுங்கள். அங்கே ஒரு சிறு பிசிறு இருந்தாலும் குண்டு கோணிப் போகும். தோட்டா உட்காரும் அறையின் அளவு சரியா என்று துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. .22-க்கு இன்னொரு குணம் உண்டு, தோட்டா விஷயத்தில் ரொம்பப் பிடிவாதம். ஒரு துப்பாக்கிக்குப் பிடித்த தோட்டா அதே ரகத் துப்பாக்கிக்கே பிடிக்காது. மூன்று நான்கு வகையில் சிறு பெட்டி ஒவ்வொன்று வாங்கி 50 மீட்டரில் அட்டையில் சுட்டுப் பாருங்கள். எது ஒரே இடத்தில் கூட்டமாக விழுகிறதோ அதை மட்டும் மொத்தமாக வாங்குங்கள். தொலைநோக்கிக்கும் பூட்டிவைக்கும் இரும்புப் பெட்டிக்கும் பணம் ஒதுக்க மறக்காதீர்கள். பலர் எல்லாப் பணத்தையும் துப்பாக்கியில் போட்டுவிட்டு மங்கலான கண்ணாடி வழியாக அந்தி நேரத்தில் குறி பார்க்கிறார்கள்.

காலிபரைவிட எனக்குப் பெரிதாகப் படுவது குண்டு எங்கே போய் நிற்கிறது என்பதுதான். நீங்கள் நிலத்தின் அமைப்பைச் சொல்லவில்லை. .22 சின்னதுதானே என்று நினைப்பவர்கள் நிறைய. அது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும், .223 இரண்டு கிலோமீட்டரைத் தாண்டும். மெதுவாகப் போகிற .22 குண்டு ஈர மண்ணிலோ கல்லிலோ தட்டினால் உடையாமல் எழும்பிப் போகும். எழும்பும்போது வருகிற அந்த ‘விய்ங்’ சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். வேகமான .17-உம் .223-உம் பெரும்பாலும் மண்ணில் சிதறிவிடும், ஆனாலும் அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. விலங்குக்குப் பின்னால் மேடோ மண்கரையோ இருக்க வேண்டும். வரப்பு உச்சியில் வானத்தை ஒட்டி நிற்கும் நரியைச் சுடவே கூடாது. பகலில் ஒருமுறை நிலம் முழுக்க நடந்து, எங்கெங்கே நின்று எந்தத் திசையில் சுடலாம் என்று குறித்து வையுங்கள். தட்டை நிலமாக இருந்தால் உயரமான இருக்கையில் இருந்து கீழ்நோக்கிச் சுடுவது நல்லது.

இரவில் விளக்கடித்தால் நரியின் கண் மின்னும். ஆட்டின் கண்ணும் மின்னும், பக்கத்து வீட்டு நாயின் கண்ணும் மின்னும். கண்ணை மட்டும் பார்த்துச் சுடாதீர்கள். காது, முகம், வால் என்று முழு உருவமும் தெரிந்த பிறகுதான் விரல் விசைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று கேட்கிறேன். அந்த நான்கு குட்டிகளையும் நரிதான் கொன்றது என்று எப்படித் தெரிந்தது? செத்துப் பிறந்த குட்டியையும் குளிரில் போன குட்டியையும் நரி தூக்கிக்கொண்டு போகும். அடுத்த முறை மிச்சம் ஏதாவது கிடைத்தால் கையுறை போட்டுக்கொண்டு கழுத்துத் தோலை உரித்துப் பாருங்கள். பல் பட்ட இடத்தைச் சுற்றித் தோலுக்கு அடியில் இரத்தம் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கும்போதே கடித்திருக்கிறது. இரத்தக்கட்டு இல்லாமல் கிழிசல் மட்டும் இருந்தால் செத்த பிறகு தின்றது. நுரையீரலில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போடுங்கள். மூழ்கினால் அந்தக் குட்டி மூச்சே விடவில்லை. குளம்பின் அடியில் இருக்கும் மெல்லிய சவ்வு தேயாமல் இருந்தால் எழுந்து நடக்கவே இல்லை. இப்படிப் பார்த்ததில் நான்கில் மூன்று செத்துப் பிறந்தவை என்று தெரிந்தால், உங்கள் பணம் முதலில் போக வேண்டிய இடம் சினையாட்டின் தீவனம். உண்மையில் நரிதான் என்றால் .223-ஐத் தள்ளிப்போட வேண்டாம். ஈனும் ஆடுகளை அந்த இரண்டு மூன்று வாரமாவது வீட்டுக்குப் பக்கத்துப் பட்டியில் வையுங்கள்.

கன்றுகளுக்குத் துப்பாக்கி வரும்வரை காத்திருக்க வேண்டாம். 30 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலையை 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு, தண்டைத் தொடாமல், ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டுங்கள். தோட்டம் முழுக்க வேலி போடுவதானால் அதே வலை 90 சென்டிமீட்டர் உயரம், அடியில் 15 சென்டிமீட்டரை வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்குள் புதைக்க வேண்டும். முயல் வேலியோரம்தான் பறிக்கும், மடிப்பில் நகம் பட்டதும் விட்டுவிடும். ஏற்கெனவே பட்டை முழு வட்டமாகப் போன கன்றுகளைப் பாருங்கள். கடி, ஒட்டுக் கட்டிய இடத்துக்கு மேலே என்றால், கடிக்குக் கீழே ஒட்டு தப்பும்படி வெட்டிவிடுங்கள், தளிர் வரும். ஒட்டுக்குக் கீழே என்றால் பிடுங்கிவிட்டு வேறு வையுங்கள்.