சிமெண்ட் அடைத்தும் தார்ப்பாதை ஏன் மறுபடி பிளக்கிறது?

கேள்வி: பினாங்கு, ஆயர் ஈத்தாமில் சரிவான இடத்தில் வீடு. கேட்டிலிருந்து வாசல்வரை 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்துக்குத் தார் போட்டிருக்கிறோம். போன வருடம் விரிசல்களில் சிமெண்ட் அடைத்தோம், மறுபடி பிளந்துவிட்டது. கேட் அருகே மீன்வலைபோல் வெடித்திருக்கிறது. நாங்களே சரிசெய்து சீலர் (தார் மேல் பூசும் கறுப்புப் பாதுகாப்புப் பூச்சு) பூசலாமா?

பதில்: பூசலாம், ஆனால் சீலர் கடைசி வேலை. தார் வெயிலில் இளகி விரியும், குளிர்ந்தால் சுருங்கும். சிமெண்ட் அதோடு சேர்ந்து அசையாது. ஓரத்தில் விட்டுப் பிரிந்துவிடும். உளியால் கொத்தி முழுவதும் எடுத்துவிடுங்கள்.

கேட் அருகே இருப்பது வெறும் விரிசல் அல்ல, அடித்தளமே போய்விட்டது. மழை விட்டதும் குதிகாலால் அழுத்திப் பாருங்கள். துண்டுகள் ஆடிச் சேற்றுநீர் கசிந்தால் சந்தேகமே வேண்டாம். கூரைத் தண்ணீர்க் குழாய் அங்கே கொட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். அதைக் கால்வாய்க்குத் திருப்பாமல் எதைப் போட்டாலும் நிற்காது. பிறகு வெடிப்பைத் தாண்டி நல்ல தாருக்குள் 10 சென்டிமீட்டர் தள்ளிச் சதுரமாக வெட்டி, ஈரமண்ணைத் தோண்டி எடுங்கள். உடைகல்லும் கல்தூளும் கலந்த ஜல்லியை 7 சென்டிமீட்டர் அடுக்குகளாகக் கொட்டி இடியுங்கள். வெட்டிய விளிம்புகளில் தார் எமல்ஷன் (நீரில் கலந்த தார்) தடவி, மேலே 5 சென்டிமீட்டருக்குக் கோல்ட் மிக்ஸ் (சூடாக்காமல் போடும் தார்க்கலவை) போட்டுக் கெட்டிக்கவேண்டும். 25 கிலோ மூட்டை ஏறக்குறைய கால் சதுர மீட்டருக்கு வரும்.

மற்ற விரிசல்களில் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்ததைச் சீலரே மூடிவிடும். அதிலிருந்து 12 மில்லிமீட்டர் வரை ஊற்றும் ஃபில்லர் போதும். ஆழமாக இருந்தால் நுரைக் கயிற்றை உள்ளே தள்ளி, மேலே ஃபில்லருக்கு 12 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். புல்லை வேரோடு பிடுங்கி, கம்பி பிரஷால் தேய்த்து, தூசியை ஊதிவிட வேண்டும்.

பலர் தவறுவது ஈரத்தில்தான். கழுவிய ஒரு மணி நேரத்தில் மேல்பக்கம் காய்ந்துவிடும். விரிசலின் உள்ளே இரண்டு நாள்கூட ஈரம் நிற்கும். டிஷ்யூ தாளைச் சுருட்டி உள்ளே விட்டு எடுங்கள், ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள். ஃபில்லர் ஊற்றும்போது பழுப்பாக இருக்கும். நீர் பிரியப் பிரியக் கறுக்கும். மறுநாள் அது சற்றுக் கீழே இறங்கியிருக்கும், இரண்டாம் முறை ஊற்றுங்கள். மேடாக விட்டால் டயர் பிய்த்துக்கொண்டு போகும்.

எண்ணெய்க் கறை மேல் சீலர் ஒட்டாது. சோப்புத்தூளால் தேய்த்தும் போகாவிட்டால் எண்ணெய்க் கறைக்கென்றே உள்ள ஆயில் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடியுங்கள்.

உங்கள் 36 சதுர மீட்டருக்கு, லிட்டருக்கு இரண்டரை சதுர மீட்டர் என்று வைத்தால், இரண்டு பூச்சுக்கு 29 லிட்டர் சீலர்; 20 லிட்டர் வாளி இரண்டு வாங்குங்கள். சரிவு என்பதால் மணல் கலந்ததையே கேளுங்கள், மணல் இல்லாதது மழையில் வழுக்கும். அடியில் தங்கும் மணலைக் கிளறிவிட்டு மெல்லியதாகப் பூசுங்கள். முதல் பூச்சு குறுக்கே, மறுநாள் இரண்டாவது நெடுக்கே.

பினாங்கில் ஜனவரி, பிப்ரவரிதான் இதற்கு ஏற்ற காலம். செப்டம்பர், அக்டோபர் வேண்டாம். காயாத சீலரில் மழை விழுந்தால் கருந்தண்ணீர் கேட் தாண்டி ஓடும். கார் ஏற்ற இரண்டு நாள் பொறுங்கள். ஒரு வாரத்துக்கு, நின்ற இடத்தில் ஸ்டீரிங்கைத் திருப்பாதீர்கள்.