பிள்ளையின் ஒரு நாள் சக்திச் செலவை அளப்பது எப்படி? – கேள்வி பதில்

நான் போசாக்குத் துறையில் படித்தவன். சுகமாக இருக்கும் பிள்ளைகளின் சக்திச் செலவு பற்றி வன்னியின் பல ஊர்களில் இருந்தும் கேட்டிருந்தீர்கள். என்னால் முடிந்தவரை பதில் எழுதுகிறேன்.

கேள்வி (புதுக்குடியிருப்பு, ஒரு அம்மா): மகனுக்கு 12 வயது, 35 கிலோ. மாமா லண்டனில் இருந்து அனுப்பிய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு தினமும் 6 கிலோமீற்றர் சைக்கிள் ஓடுகிறான். அது அவன் அசையவே இல்லை என்ற மாதிரிக் காட்டுகிறது. பழுதா?

பதில்: பழுதில்லை அக்கா. இப்படியான கடிகாரங்கள் பெரும்பாலும் கை வீச்சை வைத்துத்தான் அசைவைக் கணக்கெடுக்கின்றன. சைக்கிளில் கை ஹாண்டிலிலேயே ஊன்றி இருக்கும். சோளகக் காற்றுக்கு எதிரே, கரியரில் தண்ணிக் கானும் வைத்து எழும்பி நின்று மிதிக்கும் பிள்ளையின் தொடை படும் பாடு மணிக்கட்டுக்குத் தெரியாது. ஆய்வுகளில் இடுப்பில் கட்டும் அசைவுமானிக்கும் இதே குறை உண்டு.

இன்னொன்றையும் பாருங்கள். மகனின் வயதும் எடையும் அதில் பதிந்திருக்கிறதா? வளர்ந்தவர் சும்மா இருக்கும்போது கிலோவுக்கு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1 கிலோகலோரி செலவாகும். உங்கள் மகனுக்கு அது 1.5 அளவில் வரும். பெரியவர் கணக்கைப் பிள்ளைக்குப் போட்டால் விடை பிழைத்துவிடும்.

கேள்வி (முல்லைத்தீவு, விஞ்ஞான ஆசிரியை): அப்படியென்றால் சரியான அளவை எப்படி எடுக்கிறார்கள்?

பதில்: ரீச்சர், எனக்கு மிகவும் பிடித்த முறை இது. பிள்ளைக்கு ஒரு சிறிய அளவு விசேட தண்ணீர் குடிக்கக் கொடுப்பார்கள். அதில் பாரமான ஐதரசனும், ஒட்சிசன்-18 என்ற பாரமான ஒட்சிசனும் வழமையைவிடக் கூட இருக்கும். கதிரியக்கம் இல்லை, நம் கிணற்றுத் தண்ணியிலும் இவை சிறிதளவு உண்டு. ஐதரசன் சிறுநீராக, வியர்வையாக, மூச்சு ஈரமாக, அதாவது தண்ணீராக மட்டுமே வெளியேறும். ஒட்சிசன் தண்ணீராகவும் போகும், காபனீரொட்சைட்டாகவும் போகும். ஆகவே அது கெதியாகக் குறையும். ஒன்று, இரண்டு கிழமைக்குச் சிறுநீர் மாதிரி எடுத்து இரண்டும் குறையும் வேக வித்தியாசத்தைப் பார்த்தால், பிள்ளை வெளிவிட்ட காபனீரொட்சைட்டு எவ்வளவு என்று தெரியும். உடம்பு உணவை எரிக்கும்போது வருவதுதான் அது, ஆகவே அதிலிருந்து சக்திச் செலவைக் கணக்கிடலாம்.

1955இல் நேதன் லிஃப்சன் குழு விலங்குகளுக்காக வெளியிட்ட முறை இது; 1982இல்தான் டேல் ஷெல்லர் குழு மனிதரில் செய்து காட்டியது. பிள்ளை வழமைபோல ஓடி விளையாடலாம், அதுதான் இதன் பெருமை. ஆனால் ஒட்சிசன்-18 மிகவும் விலை கூட. கிடைப்பதும் மொத்தச் செலவுதான். எந்த நாள், எந்த வேலை என்று பிரித்துச் சொல்லாது.

கேள்வி (மாங்குளம், ஒரு அப்பா): மகள் பின்னேரம் வலைப்பந்து பயிற்சிக்குப் போகிறாள். இதயத்துடிப்பை வைத்துக் கணக்கிடலாமா?

பதில்: ஓரளவுக்கு, ஐயா. அதற்கு முதலில் அவள் படுத்திருக்க, நடக்க, ஓட விட்டு, முகமூடி வழியே அவள் எடுக்கும் ஒட்சிசனை அளந்து, எந்தத் துடிப்புக்கு எவ்வளவு ஒட்சிசன் என்று அவளுக்கே உரிய கோடு வரைய வேண்டும். உடம்பு 1 லீற்றர் ஒட்சிசனைப் பயன்படுத்தினால் செலவு ஏறக்குறைய 5 கிலோகலோரி. நம் வெயிலில் இன்னொரு சிக்கல்: வெக்கையிலும் பயத்திலும் துடிப்பு ஏறும், செலவு அந்தளவுக்கு ஏறாது.

கேள்வி (கிளிநொச்சி, தரம் 11 மாணவன்): பருவ வயதில் உடம்பு வேகமாக எரிக்குமா?

பதில்: இல்லைத் தம்பி. 2021இல் 6,400க்கும் மேற்பட்டோரின் சக்திச் செலவு அளவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உடம்பின் அளவு வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால் 1 வயதில்தான் உச்சம், பெரியவர்களைவிட 50 வீதம் கூட. பிறகு 20 வயதுவரை இறங்கிக்கொண்டே வரும். உனக்குப் பசிப்பது உடம்பு பெருப்பதாலும் ஓடியாடுவதாலும்.

கேள்வி (ஒட்டுசுட்டான், ஒரு அம்மா): இந்த வசதியெல்லாம் எங்களுக்கு இல்லையே. வீட்டில் என்ன செய்வது?

பதில்: சரி, முதலாவது கேள்வியில் வந்த 35 கிலோ பையனையே எடுப்போம். எடையை வைத்து ஓய்வுச் செலவைக் கணிக்க ஸ்கோஃபீல்ட் சமன்பாடு என்று ஒன்று உண்டு. 10 முதல் 18 வயது ஆண் பிள்ளைக்கு அது: எடை × 17.686 + 658.2. ஓய்வில் 1,277 கிலோகலோரி. நடுத்தரமாக ஓடியாடினால் 1.75ஆல் பெருக்குங்கள், சுமார் 2,235. (பெண் பிள்ளைக்கு எடை × 13.384 + 692.6.) வளர்ச்சிக்குப் போகும் சக்தி மிகக் கொஞ்சம்: எடை 1 கிராம் கூடுவதற்கு ஏறக்குறைய 2 கிலோகலோரி. வருடம் 4 கிலோ கூடினாலும் நாளுக்கு 22தான், ஒரு கதலிப் பழம்கூட இல்லை.

இது மதிப்பீடுதான். இந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு சோற்றை அளந்து போடாதீர்கள். எடையும் உயரமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து எழுதி, வளர்ச்சிக் கோடாக வரையுங்கள். சாப்பாடு செலவுக்குப் போதாவிட்டால் அந்தக் கோடு படுக்கத் தொடங்கும்.