கடலூர் மாநகராட்சி ஆகிவிட்டது; நகரத் திட்டமிடலில் சாதாரண மக்களுக்குப் பங்கு உண்டா?

உண்டு, ஆனால் நாமே போய்க் கேட்டு வாங்க வேண்டும். நகர உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தரும் 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-லேயே அமலுக்கு வந்தது. வார்டு கமிட்டி, ஏரியா சபைக்கான விதிகளைத் தமிழ்நாடு கொண்டுவந்ததோ 2022-ல்! கமிட்டிக்குக் கவுன்சிலர் தலைவர். ஏரியா சபையில் அப்பகுதி வாக்காளர் எல்லோருக்கும் இடமுண்டு. மஞ்சக்குப்பத்தில் எந்தத் தெருவுக்கு முதலில் மழைநீர் வடிகால் என்பதை அங்கே கேட்டு, தீர்மானமாகப் பதியச் சொல்லலாம்.

பக்கத்துப் புதுச்சேரியைப் பார்த்தால் நாம் பரவாயில்லை. அங்கே 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல். 2011-ல் பதவிக்காலம் முடிந்ததும் பல வருடம் கவுன்சிலரே கிடையாது. பிறகு கமிட்டிக்கு யார் தலைமை தாங்குவது?

எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளான் தனிக்கதை. அது நகர் ஊரமைப்புத் துறை வழியாக வரும். வரைவு வெளியானதும் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.