தோட்டத்து ஜெனரேற்றருக்கு எர்த் கம்பி மட்டும் போதுமா?

ஒட்டுசுட்டானில் தோட்டம் செய்யும் நீங்கள், சிறிய பெற்றோல் ஜெனரேற்றரில் நீரிறைக்கும் மோட்டரை ஓட்டுவதாகவும், ஜெனரேற்றரின் சட்டத்தைச் செப்புக் கம்பியொன்றால் நிலத்தோடு தொடுத்துவிட்டால் மின்னதிர்ச்சிக்குப் பயப்படத் தேவையில்லையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிளிநொச்சியில் வயரிங் வேலை செய்பவன் என்ற வகையில் சொல்கிறேன்: அந்தக் கம்பி மட்டும் உங்களைக் காப்பாற்றாது.

சிறிய ஜெனரேற்றர்கள் பலவற்றில் மின்சுருளின் இரு முனைகளில் எதுவும் சட்டத்தோடு தொடுக்கப்பட்டிருப்பதில்லை. ஆகவே ஒரு வயரில் மட்டும் கசிவு ஏற்பட்டால், மின்னோட்டம் திரும்பி வருவதற்குப் பாதை இல்லாததால், தொடுபவருக்கு அனேகமாக ஒன்றும் தெரியாது. அந்தப் பழுது அப்படியே கிடக்க, இரண்டாவது பழுது வரும் நாளில் 230 வோல்ற் மின்சாரம் ஆளின் ஊடாகப் பாய்கிறது. முத்தையன்கட்டில் எனது சித்தப்பாவுக்கு நடந்தது இதுதான். மோட்டருக்குள் ஒரு வயர் எத்தனை நாளாகவோ உடலைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. வாழைப் பாத்திக்குள் கிடந்த கேபிளில் ரேப் சுற்றிய மூட்டு தண்ணீரில் ஊறிய அன்று, ஈரக் காலோடு மோட்டரைத் தூக்கப் போனவரால் பிடித்த கையை எடுக்க முடியவில்லை. மகன் ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தியதால் உயிர் தப்பினார். பிறகு அந்த மூட்டை நான் பிரித்துப் பார்த்தபோது, ரேப்புக்குள் செம்பு பச்சை பூத்து, இடையெல்லாம் சேறு ஏறியிருந்தது.

சுருளின் ஒரு முனை சட்டத்தோடு தொடுக்கப்பட்டிருந்தாலும்கூட நிலக் கம்பி மட்டும் போதாது. ஆடி, ஆவணியில் வன்னி மண் காய்ந்து வெடித்திருக்கும்போது, நீங்கள் அடிக்கும் கம்பியின் நிலத்தடை 100 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ற்றில் 2.3 அம்பியர்தான் நிலத்துக்குள் போகும். 10 அம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே அல்ல; அது விழாது.

முதலில் இரண்டு வயர் கேபிளுக்குப் பதிலாக மூன்று வயர் கேபிளைப் போட்டு, மோட்டரின் உடலையும் ஜெனரேற்றரின் சட்டத்தையும் மூன்றாவது வயரால் இணையுங்கள். அடுத்து, சுருளின் ஒரு முனையைச் சட்டத்தோடு இணைத்து நியூற்றலாக்கி (மின்னோட்டம் திரும்பும் முனையாக்கி), அதற்குப் பின்னால், கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிச்சைப் பூட்டுவித்தால், முதற் பழுதிலேயே ட்ரிப் விழுந்துவிடும். இதனைத் தேர்ச்சியுள்ள மின்னியலாளரே செய்ய வேண்டும். இன்வேர்ட்டர் வகை இயந்திரமென்றால், அதன் கைநூல் அனுமதித்தால் மட்டுமே செய்யலாம். சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானை மட்டும் நம்ப வேண்டாம், ஏனெனில் நியூற்றல் சட்டத்தோடு தொடுக்கப்படாத ஜெனரேற்றரிலும் அந்தப் பொத்தான் ட்ரிப்பை விழுத்தும். உயிர் வயரிலிருந்து சட்டத்துக்குக் கசிவை உண்டாக்கும் சோதனைக் கருவியால் பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவரை, மோட்டரை இடம் மாற்றுவதானால் எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிய பின்னரே கை வையுங்கள்.