வாங்கப்பட்டவர் யார் என்பதற்கு முன், வாங்கியவர் யார்? சுங்கை சிப்புட் இரசிகர்களின் கேள்விகளும் பதில்களும்

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் காற்பந்தைப் பின்தொடரும் நண்பர்கள், ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் பருவம் வந்துவிட்டால் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே வகைக் கேள்விகள்தாம். இம்முறை அவற்றை எழுதித் தரச் சொன்னேன். நான் மான்செஸ்டர் யுனைடெட் இரசிகன் என்பதால் அந்தக் குழுவைப் பற்றிய பதில் நீளமாகவே இருக்கும். எந்தக் குழுவானாலும், ஒரு டிரான்ஸ்பர் செய்தியைப் படித்ததும் அதில் கையெழுத்திடும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று தேடுவதே என் வழக்கம்.

எல்பில் தோட்டத்து இளைஞர் ஒருவர்: ஐயா, கிளேசர் குடும்பம் ஒன்றும் கஞ்சத்தனம் செய்யவில்லையே? போக்பா, சாஞ்சோ, அன்தோனி என்று வாரி இறைத்துத்தானே வாங்கினார்கள்? பிறகு ஏன் இரசிகர்களுக்கு இவ்வளவு கோபம்?

தம்பி, இறைக்கப்பட்டது யாருடைய பணம் என்பதிலிருந்து தொடங்குவோம். 2005ஆம் ஆண்டு அந்தக் குடும்பம் யுனைடெட்டை ஏறத்தாழ 790 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. அதில் பெரும்பகுதி கடன் வாங்கிய பணம். அந்தக் கடனின் பெரும் பங்கு வாங்கியவர்களின் பெயரில் நிற்காமல், வாங்கப்பட்ட குழுவின் தலையிலேயே கட்டப்பட்டது. அதற்கு முந்தைய நாள் வரை கடனே இல்லாதிருந்த குழு, தன்னை யாரோ வாங்கியதற்காகத் தானே வட்டி கட்டத் தொடங்கியது. இருபது ஆண்டுகள் ஆகியும் அந்த அசல் தீரவில்லை. சுமார் 650 மில்லியன் டாலர் கணக்கில் நிற்கிறது. அந்த ஆண்டிலேயே மனம் வெறுத்த இரசிகர்கள் சிலர் பிரிந்துபோய் எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தனிக் குழுவையே தொடங்கினார்கள்.

நீங்கள் சொல்லும் அந்த வாங்கல்களுக்கு வருகிறேன். பணம் செலவழித்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2013இல் பயிற்றுநர் சர் அலெக்ஸ் பெர்குசன் ஓய்வு பெற்றபின், எந்த வகை ஆட்டத்திற்காக ஆள் சேர்க்கிறோம் என்று சொல்லக்கூடிய ஒருவர் அந்த நிர்வாகத்தில் இல்லை. காற்பந்து இயக்குநர் என்ற பதவியையே 2021 மார்ச்சில்தான் உருவாக்கினார்கள். அதுவரை பயிற்றுநராக வான் ஹால் வந்தால் அவருக்குப் பிடித்தவர்கள், மொரின்ஹோ வந்தால் அவருக்குப் பிடித்தவர்கள் என்று, ஒருவர் சேர்த்ததை அடுத்தவர் ஓரங்கட்டினார். டி மரியாவை 2014இல் 59.7 மில்லியன் பவுண்டுக்கு வாங்கி, அடுத்த ஆண்டே விற்றுவிட்டார்கள்.

அன்தோனி விஷயத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் யுனைடெட் பிரெண்ட்ஃபோர்டிடம் நான்குக்குச் சுழியம் என்று தோற்றது. பயிற்றுநர் டென் ஹாக் அப்போதுதான் நெதர்லாந்தின் அயாக்ஸ் குழுவிலிருந்து வந்திருந்தார். அங்கே தம்மிடம் ஆடிய அன்தோனியையே கேட்டார். ஆட்டக்காரர்களை வாங்கும் பருவம் முடியச் சில நாள்களே இருந்தன, வாங்குபவரின் பதற்றம் விற்பவருக்குத் தெரிந்திருந்தது. விலை 95 மில்லியன் யூரோவைத் தொட்டது. தகுதியே இல்லாதவர் என்று அந்த ஆட்டக்காரரை நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஸ்பெயினின் பெட்டிஸ் குழுவுக்குப் போனதும் நன்றாகவே ஆடினார். அவசரத்தில் விலை பேசும் ஒரு நிர்வாகத்தை உட்கார வைத்திருந்தவர்கள் உரிமையாளர்கள், அந்தத் தோல்வி அவர்களுடையது. இன்னொரு புறம், 2024 மே மாதம் ஆர்சனலுடன் ஆட்டம் முடிந்தபின் ஓல்ட் டிராஃபோர்டின் கூரையிலிருந்து மழைநீர் இருக்கைகளின் மேல் அருவியாகக் கொட்டியதை நாம் எல்லோரும் திரையில் பார்த்தோம். இருபது ஆண்டு வட்டிப் பணம் கூரைக்குப் போயிருக்கலாம் என்று அன்று எனக்குக் கண் கலங்கியது.

அவரே தொடர்ந்து: ராட்கிளிப் வந்தபின் மாறவில்லையா?

2024 பிப்ரவரியில் அந்தப் பிரிட்டிஷ் தொழிலதிபருக்குக் கிடைத்தது குழுவில் கால் பங்கைவிடச் சற்று அதிகம். வாக்குரிமையில் பெரும்பான்மை இன்னும் கிளேசர் குடும்பத்திடமே இருக்கிறது. காற்பந்து முடிவுகளை மட்டும் அவர் தரப்பு எடுத்துக்கொண்டது. எடுத்த முதல் முடிவுகளைப் பாருங்கள்: 2024 ஜூலையில் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்து, அக்டோபரில் அவரை நீக்கினார்கள். நியூகாசலிடமிருந்து போராடிப் பெற்ற இயக்குநர் டான் ஆஷ்வொர்த் ஐந்து மாதத்தில் வெளியேறினார். அந்தப் பருவத்தில் குழு 15ஆம் இடம். செலவைக் குறைக்கிறோம் என்று சாதாரண ஊழியர்களை நூற்றுக்கணக்கில் வேலையிலிருந்து நிறுத்தியதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நீக்கல்களுக்கும் நியமனங்களுக்கும் கொடுத்த இழப்பீட்டுத் தொகை, அந்த ஊழியர்கள் செய்த தவறால் வந்ததல்ல.

சுங்கை சிப்புட் நகரில் மளிகைக் கடை நடத்தும் அண்ணன்: செல்சி மட்டும் எப்படி இத்தனை பேரை வாங்குகிறது? செலவு விதி அவர்களுக்கு இல்லையா?

விதி எல்லோருக்கும் ஒன்றுதான், அண்ணே. செல்சி அதன் இடுக்குகளைத் தேடிப் பயன்படுத்தியது. டிரான்ஸ்பர் தொகையை வாங்கிய ஆண்டிலேயே முழுச் செலவாக எழுதுவதில்லை. ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து, ஆண்டுதோறும் ஒரு பங்கை எழுதுவார்கள். 100 மில்லியன் பவுண்டு ஆட்டக்காரருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கு 20 மில்லியன், எட்டாண்டு என்றால் 12.5 மில்லியன். 2023 ஜனவரியில் என்சோ பெர்னாண்டசை 106.8 மில்லியன் பவுண்டுக்கு வாங்கி எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போட்டதன் கணக்கு இதுதான். பிறகு ஐரோப்பியக் காற்பந்துச் சங்கமும், 2023 டிசம்பரில் இங்கிலாந்தின் உயர்நிலை லீக்கான பிரீமியர் லீக்கும், எத்தனை ஆண்டு ஒப்பந்தம் போட்டாலும் ஐந்தாண்டுகளுக்குள்தான் வகுக்க வேண்டும் என்று அந்த வழியை அடைத்தன.

இதன் மறுபக்கம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. வெளியிலிருந்து வாங்கியவரை விற்றால், இன்னும் எழுதப்படாத தொகையைக் கழித்த பிறகே இலாபம். சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த பையனுக்குக் கணக்குப் புத்தகத்தில் விலை சுழியம். அவனை விற்றால் வந்ததெல்லாம் இலாபம். மூன்றாண்டுகளில் 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக்கூடாது என்று 2025-26 பருவம் வரை இருந்த விதி தலைமேல் தொங்கியபோது, விற்பதற்கு முதலில் கண்ணில் பட்டவன் அந்த வீட்டுப் பிள்ளைதான். ஆறு வயது முதல் செல்சியில் வளர்ந்த மேசன் மவுண்ட் 2023இல் எங்கள் குழுவுக்கு வந்தார், அடுத்த ஆண்டு அங்கேயே வளர்ந்த கேலகர் அட்லெட்டிக்கோ மாட்ரிட்டுக்குப் போனார். செலவை அடக்குவதற்காக எழுதிய விதி, குழுவின் சொந்த மண்ணின் பிள்ளைகளையே வெளியே தள்ளியது. எந்த விதி வந்தாலும் இதைத் திருத்தியே ஆக வேண்டும். விதியை மீறியதற்காக 2023-24இல் எவர்ட்டனும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் புள்ளிகளை இழந்தன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள், பயம் உண்மையானது.

இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவர்: ஒப்பந்தம் முடிந்து ‘சும்மா’ வருகிற ஆட்டக்காரர் உண்மையிலேயே இலவசமா, சார்?

இல்லை, தம்பி. டிரான்ஸ்பர் தொகை இல்லாத இடத்தில் சம்பளமும் கையெழுத்துப் பணமும் முகவரின் பங்கும் ஏறிக்கொள்கின்றன. அலெக்சிஸ் சாஞ்செசை 2018 ஜனவரியில் மிகித்தாரியானுக்கு மாற்றாகப் பெற்றபோது யுனைடெட் தொகை எதுவும் கட்டவில்லை. ஆனால் அவருக்குக் கொடுத்த சம்பளம் மற்ற ஆட்டக்காரர்கள் எல்லோருடைய எதிர்பார்ப்பையும் உயர்த்திவிட்டது. செய்தியில் விலையைப் படித்தவுடன் வயதையும் ஒப்பந்த ஆண்டுகளையும் தேடிப் படியுங்கள்.

மளிகைக் கடை அண்ணனே மீண்டும்: நம் மலேசிய முதலாளிகள் இங்கிலாந்தில் குழு வாங்கினார்களே, அவர்களைப் பற்றி?

வின்சென்ட் டான், டோனி பெர்னாண்டஸ் இருவருமே சொந்தப் பணத்தைப் போட்டவர்கள், அதற்கு என் மரியாதை உண்டு. 2010இல் கார்டிஃப் குழுவுக்குள் வந்த வின்சென்ட் டான், 2013இல் அதைப் பிரீமியர் லீக்கிற்கே கொண்டு சேர்த்தார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, ‘நீலப் பறவைகள்’ என்று அழைக்கப்படும் குழுவின் நீலச் சட்டையைச் சிவப்பாக மாற்றிவிட்டார். ஆசியச் சந்தையில் சிவப்பு விற்கும் என்ற எண்ணம் வணிகருக்கு இயல்பாக வரலாம். தாத்தா காலம் முதல் நீலம் அணிந்த குடும்பத்தாரிடம் அதைச் சொல்ல முடியாது. 2015 ஜனவரியில் நீலத்திற்கே திரும்பினார், அது நல்ல முடிவு.

டோனி பெர்னாண்டஸ் 2011இல் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்சை வாங்கினார். அங்கே நேர்ந்தது டிரான்ஸ்பர் கோளாறு: கீழ்நிலை லீக்குக்குத் தரமிறங்கும் அச்சத்தில் அதிகச் சம்பளத்திற்கு அனுபவசாலிகளைக் குவித்தார்கள். 2013 ஜனவரியில் 12.5 மில்லியன் பவுண்டுக்கு வந்த சம்பா, குழு தரமிறங்கியதும் அதே கோடையில் பழைய குழுவுக்கே திரும்பிப் போய்விட்டார். அடுத்த பருவத்தில் மேலே ஏறினார்கள், 2015இல் மீண்டும் இறங்கினார்கள். நிதி விதியை மீறிய வழக்கு 2018இல் ஏறத்தாழ 42 மில்லியன் பவுண்டுக்கு முடிந்தது. அன்பு இருந்தது, பணமும் இருந்தது. ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் உள்ள காற்பந்து அறிவாளி ஒருவர் பக்கத்தில் இல்லை.

அப்படி ஒருவர் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு லிவர்பூல் சான்று. போட்டிக் குழுவைப் புகழ்வது எனக்குச் சுலபமில்லை என்றாலும் உண்மையைச் சொல்கிறேன்: 2018 ஜனவரியில் கூட்டின்ஹோவைப் பார்சலோனாவுக்குப் பெரும் விலைக்கு விற்று, தற்காப்புக்கு வான் டைக், கோல் காப்புக்கு அலிசன் என்று இரண்டு ஓட்டைகளை அடைத்தார்கள். அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கிண்ணம், அதற்கடுத்த ஆண்டு பிரீமியர் லீக் பட்டம்.

தோட்டப் பள்ளியில் பணியாற்றும் ஆசிரியை: ஜெர்மனியில் இரசிகர்களே உரிமையாளர்கள் என்கிறார்களே, அது இங்கிலாந்துக்கு வராதா?

1998 முதல் அங்கே உள்ள விதிப்படி, குழு நிறுவனமாக மாறினாலும் பாதிக்கு மேலான வாக்குரிமை உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும். லெவர்குசன், வொல்ஃப்ஸ்பர்க் போன்ற சில விலக்குகள் உண்டு. பாயர்ன் மியூனிக்கில் 75 விழுக்காடு உறுப்பினர்களுடையது. மீதியை மூன்று நிறுவனங்கள் பங்கிட்டிருக்கின்றன. அதற்கு ஒரு விலையும் இருக்கிறது: 2013 முதல் 2023 வரை பாயர்னே லீக்கைத் தொடர்ந்து வென்றது, டோர்ட்முண்ட் ஹாலந்தையும் பெல்லிங்ஹாமையும் விற்றது. ஆனாலும் என் விருப்பம் அந்த முறையே. இங்கிலாந்தில் குழுக்கள் ஏற்கெனவே தனியார் கைக்குப் போய்விட்டதால் அதைத் திரும்பப் பெற முடியாது. 2025இல் இயற்றிய காற்பந்து ஆளுமைச் சட்டம் ஒரு சுயேச்சைக் கட்டுப்பாட்டாளரை அமைத்து, உரிமையாளரைச் சோதிக்கவும், சின்னத்தையும் சட்டை நிறத்தையும் இரசிகர்களைக் கேளாமல் மாற்றாதிருக்கவும் வழி செய்கிறது. 1885இல் பிறந்த பரி என்ற குழு 2019இல் லீக்கிலிருந்தே நீக்கப்பட்ட பிறகுதான் இந்த விழிப்பு வந்தது.

டோவன்பி பகுதியிலிருந்து ஓர் அக்கா: என் கணவர் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து ஆட்டம் பார்த்துவிட்டு, தூங்காமலேயே பெரட்டுக்குப் போகிறார். எங்கோ இருக்கும் குழுவை யார் வாங்கினால் இவருக்கு என்ன?

நியாயமான கேள்வி, அக்கா. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். 1981 செப்டம்பரில் ஒரு காலைப் பொழுதுக்குள் இலண்டன் பங்குச் சந்தையில், இங்கே தோட்டங்களை வைத்திருந்த கத்ரி நிறுவனம் கைமாறியபோது, இங்கே பால் மரத்தடியில் நின்றவர்களுக்கு அன்றும் அதே வாளி, அதே கத்தி; முதலாளி மாறியதே பிறகுதான் தெரிந்தது. குழு கைமாறும்போது இரசிகனின் நிலையும் அதுதான்: உழைப்பும் பணமும் அவனுடையது, முடிவில் அவனுக்கு வாக்கில்லை.

உங்கள் கணவர் கட்டும் தொலைக்காட்சிச் சந்தாவும், உங்கள் பிள்ளைக்கு வாங்கும் சட்டையும் அந்தக் குழுக்களின் வருமானத்தில் சேர்கின்றன. 2025 மே மாதம் ஐரோப்பா லீக் இறுதியாட்டத்தில் தோற்ற ஒரே வாரத்தில் யுனைடெட்டைப் புக்கிட் ஜாலிலுக்குக் கொண்டுவந்தார்கள். களைத்துப்போன ஆட்டக்காரர்கள் ஆசியான் தேர்வுக் குழுவிடம் ஒன்றுக்குச் சுழியம் என்று தோற்றார்கள். அந்தப் பயணம் வருமானத்துக்காக என்பதில் எனக்கு ஐயமில்லை. நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் நம் மக்கள். பணம் கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு, அக்கா. தூக்கத்தைப் பற்றி நீங்கள் சொல்வதும் சரிதான்; மறுநாள் வேலை இருக்கும்போது இறுதியாட்டத்துக்கு மட்டும் எழுந்தால் போதும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஈப்போவில் வேலை செய்யும் இளைஞர்: இங்கிலாந்துக் கதை போதும், ஐயா. நம் பேராக் குழுவுக்கு ஏன் இந்த நிலை?

இந்தக் கேள்வியைத்தான் முதலில் எதிர்பார்த்தேன். 2018இல் திரங்கானுவுடன் மூன்றுக்கு மூன்று என்று சமநிலை கண்டு, பெனால்டியில் மலேசியக் கிண்ணத்தை வென்ற குழு இது. 2021இல் தரமிறங்கியது. 2025இல் சூப்பர் லீக்கிலிருந்தே விலகிக்கொண்டது. இடையில் நடந்தது என்னவென்றால், மாநிலச் சங்கங்களின் கையிலிருந்த குழுக்களைத் தனியார் நிறுவனங்களாக மாற்றினார்கள். மாற்றம் தேவையானதே. ஆனால் மாநில அரசின் உதவியை நம்பி வளர்ந்த குழுக்களுக்கு நுழைவுச்சீட்டு, ஒளிபரப்பு, ஆட்டக்காரர் விற்பனை ஆகிய மூன்று வருமானமும் மெலிந்தே இருந்தன. இங்கே ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டுதான். முடிந்ததும் ஆட்டக்காரர் தொகையின்றிப் போய்விடுவார். வளர்த்தவருக்கு ஒரு காசும் மிஞ்சாது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் முளைத்து, கடைசிக் காலத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் இன்றி உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்தே சூப்பர் லீக்கில் ஆடிய பெட்டாலிங் ஜெயா சிட்டிகூட 2022 பருவத்தோடு விலகியது நமக்குப் பெரிய இழப்பு.

2014 முதல் ஜோகூர் டாருல் தாக்சிம் தொடர்ந்து லீக்கை வெல்வதைப் பார்த்து, நமக்கும் அப்படி ஒரு புரவலர் வேண்டும் என்கிறார்கள். ஜோகூரின் திட்டமிடலை நான் மதிக்கிறேன். ஆனால் எல்லா மாநிலத்துக்கும் அப்படி ஒருவர் கிடைக்கமாட்டார், கிடைக்கும்வரை காத்திருக்கவும் முடியாது. உரிமம் தருவதற்கு முன்பே ஒரு பருவத்துச் சம்பளத் தொகையை வைப்பாகக் கட்டச் செய்வதும், கணக்கை ஆண்டுதோறும் பொதுவில் வெளியிடச் செய்வதும், இருபத்தொரு வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்றாண்டு ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குவதும் நாளைக்கே செய்யக்கூடியவை. சுங்கை சிப்புட் திடலில் மாலையில் ஆடும் பிள்ளைகளில் ஒருவன் பேராக் சட்டை அணிய ஆசைப்பட்டால், மாதக் கடைசியில் சம்பளம் வருமா என்று அவன் அப்பா என்னைக் கேட்கிறார். மேலே சொன்ன மூன்றும் நடைமுறைக்கு வந்தால், வரும் என்று அவருக்கு உறுதியாகச் சொல்வேன்.