பிள்ளையின் முட்டி நீர் என்ன சொல்லும்? – கேள்வி பதில்

நான் ஆய்வுக்கூடத்தில் மூட்டு நீர் பார்ப்பவள் என்று தெரிந்ததும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. பிள்ளைகளின் மூட்டழற்சி பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அங் மோ கியோ தாய்: அக்கா, ஆறு வயது மகளுக்கு ஒரு முட்டி மட்டும் இரண்டு மாதமாக வீங்கியிருக்கிறது. ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அதிலுள்ள புரதத்தை வைத்து எந்த வகை மூட்டழற்சி என்று சொல்லிவிடலாமா?

இன்றைக்கு முடியாதும்மா. வகை பிரிப்பது பெரும்பாலும் டாக்டர் கையால் தொட்டுப் பார்த்துத்தான். முதல் ஆறு மாதத்தில் நாலு மூட்டுக்குள் நின்றால் ஒரு வகை, ஐந்து அல்லது அதற்கு மேல் போனால் வேறு. நீரை எடுப்பதற்கு முதல் காரணம், கிருமி இருக்கிறதா என்று பார்க்கத்தான். கிருமி இருக்கும் என்ற சந்தேகம் இல்லாவிட்டால், அதே ஊசி வழியாக ஸ்டீராய்டு மருந்தையும் உள்ளே விடுவதுண்டு.

பாலிடெக்னிக் மாணவர்: அப்படியானால் ஆராய்ச்சியாளர்கள் அதில் எதைத் தேடுகிறார்கள்?

நல்ல கேள்வி தம்பி. ஒரு மூட்டில் தொடங்கிய நோய் அங்கேயே நிற்குமா, மற்ற மூட்டுகளுக்கும் பரவுமா என்பதை முன்கூட்டியே காட்டும் புரதத்தைத் தேடுகிறார்கள். அதிகம் பேசப்படுவது கால்புரோடெக்டின். வெள்ளணுக்கள் கிளர்ந்தெழும்போது வெளியே கொட்டும் புரதம் அது. அழற்சி உள்ள மூட்டு நீரில் அதன் அளவு ரத்தத்தைவிடப் பல மடங்கு இருக்கும். அப்புறம் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6, குருத்தெலும்பை அரிக்கும் எம்எம்பி-3.

சிக்கல் நீரைப் பிடிக்கும் குழாயிலேயே தொடங்குகிறது. நல்ல மூட்டு நீர் தெளிவாக, நூல் இழுப்பதுபோல் நீளும். அழற்சி வந்தால் நீர்த்து, கலங்கிவிடும். குழாய்க்குப் பின்னால் செய்தித்தாளை வைத்தால் எழுத்து மங்கித் தெரியும். அதை உடனே சுழற்றி அணுக்களைப் பிரிக்காமல் மேசையில் விட்டுவைத்தால், அணுக்கள் உடைந்து உள்ளேயிருக்கும் கால்புரோடெக்டினும் நீரில் கலந்துவிடும். அப்புறம் வரும் எண் நோயின் எண்ணா, தாமதத்தின் எண்ணா? எனக்குப் பெரிய தலைவலி இதுதான். ஒப்பிடவும் ஆள் கிடையாது. ஆரோக்கியமான பிள்ளையின் முட்டியில் ஆராய்ச்சிக்காக யார் ஊசி குத்தவிடுவார்கள்?

ஈசூன் தாத்தா: பேரன் காலையில் நொண்டுகிறான், முட்டியும் வீக்கம். வளர்ச்சி வலிதானே, எண்ணெய் தேய்த்தால் போதுமா?

வளர்ச்சி வலியில் மூட்டு வீங்காது ஐயா. பலதுறை மருந்தகத்தில் காட்டி, சிறார் நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள். காய்ச்சலும் சேர்ந்து காலை ஊன்ற முடியவில்லை என்றால் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

பொங்கோல் தந்தை: ஊசிக்குப் பதில் ரத்தத்தில் பார்க்கக் கூடாதா?

பார்க்கலாம், ஆனால் ஒரே மூட்டில் நோய் என்றால் ரத்தம் சுத்தமாகவே இருக்கலாம். உடம்பு முழுக்கத் தாக்கும், காய்ச்சலோடு வரும் வகையில்தான் ரத்தத்தில் கால்புரோடெக்டின் எக்கச்சக்கமாக ஏறும். நோய் அடங்கியபின், அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை நிறுத்தும் நேரத்தில் அது உயர்ந்தே இருந்த பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று 2010இல் வந்த ஆய்வு காட்டியது.

மறுபடியும் அங் மோ கியோ தாய்: மகளைக் கண் டாக்டரிடமும் காட்டச் சொல்கிறார்கள். கண் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு?

இதைத் தள்ளிப்போடாதீர்கள். சில மூட்டுகளை மட்டும் தாக்கும் வகையில் கண்ணுக்குள் வரும் அழற்சி பெரும்பாலும் சிவக்காது, வலிக்காது. கண் டாக்டர் பிளவு விளக்கு என்ற நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். சொந்த உடம்பையே தாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஏஎன்ஏ ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்த சிறுமிகளுக்கு ஆபத்து கூடுதல். முட்டி வீக்கம் வற்றினாலும், டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை கண் பரிசோதனைக்குப் போய்க்கொண்டே இருங்கள்.