நந்தி மலைப் பயணத்தில் இந்திய ஒயின்: என் பதில்

தருமபுரி விடுதியில் குடித்த இந்திய சிவப்பு ஒயின் தொண்டையை எரித்தது, நந்தி மலைப் பயணத்தில் மறுபடி முயலலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முயலுங்கள். நம் ஊர் வெயிலில் வெளியே கிடந்த பாட்டில் அப்படித்தான் இருக்கும். சிவப்பு ஒயினுக்கு 16-18 டிகிரி வேண்டும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தாலே நிறைய மாறிவிடும். ஆனாலும் முதலில் வெள்ளையைக் கேளுங்கள். நாசிக்கின் சூலா நிறுவனம் தயாரிக்கும் செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினில் லேசான இனிப்பு உண்டு, நம் காரத்துக்கு அது அருமையாகப் பொருந்தும். நந்தி மலைப் பக்கமே குரோவர் என்ற ஒயின் நிறுவனத்தின் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. சுற்றிக்காட்டி, சுவைக்கவும் தருவார்கள். முன்பதிவு செய்துவிடுங்கள். வண்டி ஓட்டுபவர் மட்டும் ஒரு வாய் கூட வேண்டாம். அப்புறம், பிடித்ததென்று பாட்டில் வாங்கி வராதீர்கள், ஓசூர் பக்கம் மாநில எல்லையான ஜூஜூவாடியில் மதுவுக்குச் சோதனை உண்டு.